பிரசவ வலி பாக்கிற மெஷின்ல 30 தான் காட்டுது, ஆனா மனைவி வலி தாங்க முடியலங்கிறாங்க. எதை நம்புறது?

மனைவி சொல்றத நம்புங்க. அந்த 30க்கும் அவங்க படுற வலிக்கும் நேரடி சம்பந்தமே இல்லங்க. நான் லேபர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிப்போனது, கூட வர்றவங்க பாதிப் பேர் ஸ்கிரீனையே பாத்துட்டு நிப்பாங்க, பெட்ல இருக்கிறவங்க முகத்தப் பாக்க மாட்டாங்க (கோச்சுக்காதீங்க).

வயித்துல ரெண்டு பெல்ட் கட்டுவோம்ல, ஒண்ணு குழந்தையோட ஹார்ட்பீட்டுக்கு. இன்னொண்ணு மேல, கர்ப்பப்பை உச்சிக்கிட்ட இருக்கிறது, அதுக்குப் பேர் டோக்கோ. வலி வரும்போது கர்ப்பப்பை இறுகி முன்னால எழும்பும், அது சென்சார எவ்வளவு தள்ளுதுன்னு வெளியில இருந்து பாக்குது, அவ்வளவுதான், உள்ள இருக்கிற பிரஷர் அதுக்குத் தெரியாது. பெல்ட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கினா அதே வலி 70ன்னு காட்டும், அவங்க ஒருக்களிச்சுப் படுத்தா சர்ருன்னு இறங்கிடும், வயிறு கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தா கோடு கிட்டத்தட்ட தட்டையாவே போகும். 90 காட்டும்போது சாவகாசமா போன் பேசிட்டு இருக்கிறவங்களும் உண்டு, 30ல பல்லக் கடிச்சுக்கிட்டு பதில் சொல்ல முடியாம கிடக்கிறவங்களும் உண்டு.

அப்ப எதுக்கு கட்டுறீங்கன்னா, நேரத்துக்கு. எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி, எவ்வளவு நேரம் நிக்குது, அந்த நேரத்துல குழந்தை ஹார்ட்பீட் இறங்குதா, இறங்கினா வலி விட்டதும் ஏறுதா, இதுக்குத்தான் ரெண்டு கோடும் ஒரே பேப்பர்ல ஓடுது. 10 நிமிஷத்துல 5 வலிக்கு மேல தொடர்ந்து வந்தா அது ஜாஸ்தி, வலி வர வைக்கிற ட்ரிப் ஓடிட்டு இருந்தா அதக் குறைப்போம், இல்ல நிறுத்திடுவோம்.

உள்ள இருக்கிற பிரஷர நிஜமா அளக்கணும்னா பனிக்குடம் உடைஞ்சப்புறம் கர்ப்பவாய் வழியா மெல்லிசா ஒரு ட்யூப் விடணும், எல்லாருக்கும் அது தேவையில்ல, இன்ஃபெக்‌ஷன் பயமும் இருக்கு. இப்போ வயித்துல ஸ்டிக்கர் மாதிரி எலக்ட்ரோட் ஒட்டி கர்ப்பப்பை தசையோட மின் சிக்னல எடுக்கிற மெஷினும் வந்திருக்கு, குண்டா இருக்கிறவங்களுக்கு டோக்கோவ விட நல்லா எடுக்கும், ஆனா எல்லா இடத்துலயும் கிடையாது.

எனக்கு இன்னமும் கைதான். உள்ளங்கைய வயித்து உச்சியில வெச்சு வலி ஏறும்போது விரலால லேசா அமுக்கிப் பாப்போம், மூக்கு நுனி மாதிரி அமுங்கினா லேசான வலி, தாடை மாதிரின்னா சுமார், நெத்தி மாதிரி அமுங்கவே இல்லன்னா நல்ல வலி. பிரச்சனை இல்லாத, தானா வலி எடுத்த பிரசவத்துக்கு மெஷின தொடர்ந்து மாட்டி வெக்க வேண்டாம்னு 2018ல உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு, இடையிடையே ஹார்ட்பீட் கேட்டாப் போதும்.

அவங்க வலிங்கிறாங்க கோடு தட்டையா போகுதுன்னா நர்ஸக் கூப்பிட்டு டோக்கோவ நகர்த்தி வெக்கச் சொல்லுங்க, நீங்களா பெல்ட்ட இறுக்காதீங்க. ஆனா ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவுல வயிறு தளரவே இல்ல, விடாம வலிக்குது, இல்ல ரத்தம் படுதுன்னா ஸ்கிரீன்ல என்ன நம்பர் இருந்தாலும் சரி உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்க.