கேள்வி நேரம்: தேநீர் நிறத்தில் ஓடும் ஓடை

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டிச் சோலைக்காட்டு ஓடை ஒன்று வருகிறது. மழைக்குப் பிறகு இரண்டு நாள் தேநீர்போல் ஓடுகிறது. அது அழுக்கா? கீழே போகப் போக நிறம் மங்குகிறதே, அந்தச் சாயம் எங்கே போகிறது?
– கோத்தகிரி வாசகி

பதில்: அழுக்கு இல்லை, அம்மா. பெரும்பாலும் அது இலைச்சாறும் மண்ணின் மக்கும் சேர்ந்த வடிநீர். எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாட்டுவாதுமை மரம் நிற்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் அதன் உலர்ந்த இலைகளில் நான்கைப் பொறுக்கி, கண்ணாடிக் குடுவையில் நீரூற்றிப் போட்டு வகுப்பு மேசையில் வைப்பேன். மறுநாள் காலையில் நீர் பழுப்பாகியிருக்கும். நீரில் விழுந்த இலை முதல் 24 மணி நேரத்திலேயே தன் எடையில் கால் பங்குவரை இழக்கக்கூடும். 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் ஊற்றினாலும் இந்தச் சாறு தங்காமல் இறங்கிவிடும். அதில் உள்ள கார்பனைத்தான் கரைந்த கரிமக் கார்பன் என்கிறோம்.

ஓடையில் இதைத் தின்பவர்கள் யார்? கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழுவழுப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான். அவை நொதிகளை வெளியே விட்டுப் பெரிய மூலக்கூறுகளை நறுக்கி, சிறு துண்டுகளை உள்ளிழுக்கின்றன. உண்டதில் ஒரு பகுதி அவற்றின் உடலாகிறது. மறு பகுதி மூச்சாக, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. படலத்தைப் பூச்சிப்புழுக்கள் சுரண்டித் தின்கின்றன, புழுவை மீன் தின்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பேர் புரூக் என்ற காட்டோடையின் வரவு செலவுக் கணக்கு 1973-ல் வெளியானது. அந்த ஓடைக்கு வரும் ஆற்றலில் 99 விழுக்காடு சுற்றியுள்ள காட்டிலிருந்தே வந்தது. முதன்முதல் அதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நிழல் மூடிய ஓடைக்குச் சோறு போடுவது கரையில் நிற்கும் மரம்!

உங்கள் கேள்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிறம் மங்குவதும் உணவு தீர்வதும் ஒன்றல்ல. பாக்டீரியா முதலில் தேடுவது சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றை. அவற்றுக்கு நிறமே கிடையாது. பழுப்பு நிறம் தருபவை செரிக்கக் கடினமான மட்குப் பொருள்கள். அவை சிற்றோடைகள் கலந்து நீர்த்துப் போகின்றன, வெயில் பட்டுச் சிதைகின்றன, களிமண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் காண்பது ஓடை மிச்சம் வைத்த இலைச்சாற்றை.

பென்சில்வேனியாவின் ஒயிட் கிளே கிரீக் ஓடையில் இதை அழகாக அளந்தார்கள். கார்பன்-13 என்ற கனமான கார்பன் கலந்த காற்றில் மரக்கன்றுகளை வளர்த்து, அவற்றை ஊறவைத்து எடுத்த சாற்றை ஓடையில் விட்டார்கள். எளிதில் செரிக்கும் பகுதி சில நூறு மீட்டருக்குள் உறிஞ்சப்பட்டது. கடினமான பகுதி கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்தது. மழை வெள்ளத்தில் கதையே வேறு. நீர் கல்லைத் தொட்டு நிற்க நேரமில்லை, சாறு அப்படியே பெரிய ஆற்றுக்குப் போய்விடுகிறது. உங்கள் ஓடை மழைக்குப் பின் அவ்வளவு அடர்த்தியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஓடை எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றால், மாட்டுக்கொட்டகைக் கழிவையும் அதில் விடலாமே?
– தேனி வாசகர்

பதில்: கூடாது ஐயா. கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு மில்லிகிராம் கார்பனை முழுதும் எரிக்க ஏறக்குறைய 2.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்பது 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதாவது 3 மில்லிகிராம் கார்பனிலேயே இருப்பு காலியாகிவிடும். காற்றிலிருந்து புதிதாகச் சேர்வது மெல்லவே சேரும். சாணக் கரைசல் கொண்டுவரும் கார்பன் இதைப் போலப் பல மடங்கு. முதலில் மீன் வாய் பிளந்து மேலே வரும், பிறகு நாற்றம் வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பிறந்த ஊரில் ஓடைக்குத் தூய்மை என்ற பெயரில் சிமெண்டுத் தளம் போட்டார்கள். கூழாங்கல்லும் மணலும் வேர்களும் போயின. நீர் ஊடுருவி ஊர்ந்து செல்ல இடமில்லை, படலம் வளரப் பரப்பு இல்லை. ஓடை வெறும் வாய்க்காலாகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் நெஞ்சு கனக்கிறது. சாணத்தை உரக்குழியில் போடுங்கள், ஓடையில் கல்லை விட்டுவையுங்கள்.

கேள்வி: இப்படிப் பழுப்பான நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் குடிக்கலாமா?
– வால்பாறை வாசகர்

பதில்: நேரடியாகப் போடாதீர்கள். கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற தீய சேர்மங்கள் உருவாகின்றன. 1974-லேயே இது வெளிப்பட்டுவிட்டது. தவிர, அந்தப் பொருளே குளோரினைத் தின்றுவிடுவதால் கிருமிகளுக்கு மிஞ்சுவது குறையும். முதலில் படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மணல்வடிகட்டியில் வடித்து, அதன் பிறகு குளோரின் சேர்ப்பதே முறை. வீட்டுக்கு மட்டும் என்றால், மழை விட்டு நீர் தெளியும்வரை பொறுத்து எடுத்து, வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.