புறநகர் வீடு: விளம்பர விலையும் உண்மை விலையும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 82,000 ரூபாய். குரோம்பேட்டையில் 16,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, கட்டுமானத்தில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், 940 சதுர அடி வீடு ஒன்றைக் கார் நிறுத்துமிடம் உட்பட 48 லட்சம் ரூபாய்க்குத் தருகிறார்கள். நகையையும் சேர்த்து எங்கள் சேமிப்பு 12 லட்சம். வாடகை கொடுத்து வீணாக்குவதைவிட இதை வாங்கிவிடலாமா? விலைப் பட்டியலை இணைத்துள்ளேன். (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் முதல் பக்கத்தில் இருக்கும் 48 லட்சம் நீங்கள் கொடுக்கப்போகும் தொகை அல்ல. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் பரப்புக்குள்ளும் (வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) 45 லட்சம் ரூபாய் விலைக்குள்ளும் அடங்கும் வீட்டுக்கு அது 1 சதவீதம். இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் 5 சதவீதம். உங்கள் வீடு விலை வரம்பை மூன்று லட்சம் தாண்டியிருப்பதால் வரி மட்டும் 2.40 லட்சம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 6 சதவீதம், அதாவது 2.88 லட்சம். மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம், குடியிருப்போர் சங்க மூலநிதி என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 1.80 லட்சம் இருக்கிறது. ஜன்னல் கிரில், சமையலறை மேடைக்குக் கீழே அலமாரி, மின்விசிறி, விளக்கு எல்லாவற்றுக்கும் சிக்கனமாக 3 லட்சம் வையுங்கள். ஆக மொத்தம் 58 லட்சத்தைத் தாண்டுகிறது.

இனி கடன். முப்பது லட்சத்துக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள உச்ச வரம்பு. முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 48 லட்சத்தை வைத்துக் கணக்கிட்டால் கடன் 38.40 லட்சம்; மீதி ஏறத்தாழ 19.70 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். இருப்பதோ 12 லட்சம். இடையில் விழும் 7.70 லட்சம் பள்ளத்தைத்தான் விற்பனையாளர் உங்களிடம் பேசியிருக்க மாட்டார். அதைப் பெரும்பாலானோர் தனிநபர் கடனால் நிரப்புகிறார்கள்.

எட்டு சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு வீட்டுக் கடனின் மாதத் தவணை சுமார் 32,100 ரூபாய். தனிநபர் கடனை 12 சதவீதத்தில் ஐந்தாண்டுகளில் அடைப்பதானால் அது ஒரு 17,100. சதுர அடிக்கு 3 ரூபாய் என்று பராமரிப்புக் கட்டணம் 2,820. மொத்தம் 52,000 ரூபாய் போக, பள்ளிக் கட்டணம், மளிகை, பயணம், மருந்து, ஊரிலிருக்கும் பெற்றோர் ஆகிய அனைத்துக்கும் உங்களிடம் எஞ்சுவது 30,000. இதுவும் வீடு கைக்கு வந்த பிறகான நிலைமை. கட்டி முடியும் வரை வாடகையும் நிற்காது, வங்கி அதுவரை விடுவித்த கடன் தொகைக்கான வட்டியும் நிற்காது. பாதிக் கடன் விடுவிக்கப்பட்ட கட்டத்தில் வட்டி மட்டும் மாதம் 12,800, அதனோடு உங்கள் வாடகை 16,000. ஒப்படைப்பு ஓராண்டு தள்ளிப்போனால் இந்தச் சுமையும் ஓராண்டு நீளும்.

வாடகை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆண்டு வாடகை 1.92 லட்சம், இந்தக் கடனுக்கு முதல் ஆண்டில் வட்டியாக மட்டும் போவது மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். வாடகை வீணென்றால் வட்டியையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். வரிச் சலுகை வந்து ஈடுகட்டும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்; புதிய வருமான வரி முறையில் நாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது, பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே ஆண்டுக்கு 2 லட்சம் வரை உண்டு.

பணத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பாருங்கள். தாம்பரம் வரை வந்து திரும்பும் மின்சார ரயில்கள் ஏராளம். செங்கல்பட்டு வரை செல்பவை அந்த அளவுக்கு இல்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் குரோம்பேட்டையில் காத்திருப்பது போலக் கூடுவாஞ்சேரியில் காத்திருக்க முடியாது. நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் என்பது மழைக்காலத்தில் ஷேர் ஆட்டோவை நம்பிய தூரம், இல்லையேல் இருவருக்கும் தனித்தனியே இருசக்கர வாகனமும் நிலைய வாசலில் வண்டி நிறுத்தும் கட்டணமும். முன்பணம் கொடுக்கும் முன், ஒரு வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து கிளம்பி உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துச் சென்று காட்டுவதற்குக் காரணம் உண்டு.

தண்ணீரையும் பக்கத்துத் தெருவில் விசாரியுங்கள், விற்பனை அலுவலகத்தில் அல்ல. மே மாதத்தில் லாரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கழிவுநீர் லாரிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை ஏற்கெனவே குடியேறிய குடியிருப்பின் காவலாளி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் இந்த இரண்டு லாரிகளும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் ஏறும். சுற்றுச்சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பது அப்பகுதி மக்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே என் கருத்து: இந்த வீடு இப்போது வேண்டாம். சேமிப்பில் 2 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு 10 லட்சத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், உங்களுக்குத் தாங்கும் விலை 34 லட்சம். தாம்பரம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய, லிஃப்ட் இல்லாத, சிறிய மறுவிற்பனை வீடு ஒன்றைத் தேடுங்கள். அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. மறுவிற்பனைக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம் என்பதால் அது 3.06 லட்சம். விலையில் 80 சதவீதமாகக் கடன் 27.20 லட்சம், தவணை சுமார் 22,750. பரப்பு குறையும்தான். ஆனால் தண்ணீர் வருகிறதா, சுவர் கசிகிறதா என்பதைக் குடியிருப்பவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கலாம். இன்னொரு ஆதாயமும் உண்டு: மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2019-இல் 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தப்பட்டதால், அதற்கு முந்தைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது யு.டி.எஸ்., பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும். விலை ஏறுவது அந்த மனைப் பங்குக்குத்தான்.

கேள்வி: சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து உள்ளே தள்ளி, பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்ற மனை அரை கிரவுண்டு 14 லட்சத்துக்கு வருகிறது. மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்றும், பத்திரத்தில் 10 லட்சம் என்று காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்றும் தரகர் சொல்கிறார். (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. இடத்தைப் பொறுத்து சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டி.டி.சி.பி.யோதான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வழங்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. உங்கள் மனை அப்படி வரன்முறை செய்யப்பட்டதா என்று கேட்டு, ஆணையின் எண்ணைக் கேளுங்கள். அனுமதி, வரன்முறை இரண்டும் இல்லையென்றால் பத்திரப் பதிவிலேயே தடை வரும். தப்பித் தவறிப் பதிவானாலும் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. பக்கத்து மனையைவிட இது மலிவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அங்கீகாரம் சரியாக இருந்தாலும், முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புலப்பட வரைபடம் ஆகியவற்றோடு கிராம நிலங்களின் ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏரிகளும் வாய்க்கால்களும் நிறைந்த மாவட்டம் உங்களுடையது; மனை நீர்நிலையாகப் பதிவாகியிருக்கக் கூடாது.

பெண்கள் பெயரில் பதிவதற்கான 1 சதவீதக் கட்டணக் குறைப்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்கு மட்டும். அந்த வரம்புக்குள் கொண்டுவரத்தான் தரகர் நான்கு லட்சத்தை மறைக்கச் சொல்கிறார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கத்தை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு தண்டத் தொகை விதிக்க இடமுண்டு. அதைவிட, நாளை உரிமைத் தகராறு வந்தால் பத்திரத்தில் இல்லாத நான்கு லட்சத்தை நீங்கள் எந்த மன்றத்திலும் கேட்க முடியாது. பதிவுச் செலவில் சுமார் 46,000 ரூபாய் மிச்சப்படுத்த இவ்வளவு ஆபத்து தேவையில்லை.

கேள்வி: புறநகரில் விற்காத வீடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பிறகு ஏன் விலை இறங்குவதில்லை? (வாசகர், வண்டலூர்)

பதில்: ஏனெனில் அங்கே விற்கப்படுவது இன்றைய வசதி அல்ல, வரப்போவதாகச் சொல்லப்படும் வசதி. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்குரிய ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் கூடவே வரவில்லை; மூட்டை முடிச்சுகளோடு இறங்கியவர்கள் அடுத்த பேருந்துக்கு அலைந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் ‘முனையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்ற விளம்பரம் முனையத்துக்கு முன்பே வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு உத்தேசிக்கப்பட்டுள்ள மெட்ரோவின் பெயராலும் இப்போது அதுவே நடக்கிறது. நில உரிமையாளர் அந்த எதிர்பார்ப்பை முழுவதுமாக விலையில் சேர்த்துக்கொள்கிறார், கட்டுநர் அந்த விலையில் நிலம் வாங்குகிறார், ஆகவே வீடு விற்காவிட்டாலும் அடக்க விலைக்குக் கீழே அவர் இறங்குவதில்லை. அதிகபட்சம் பதிவு இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம் என்று சலுகை அறிவிப்பார். அந்தச் சலுகையைப் பணமாகக் கழித்துத் தரச் சொல்லிப் பேரம் பேசுவது உங்கள் உரிமை.

இன்னொரு பக்கம், சென்னைப் பெருநகர எல்லை 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. எல்லை ஒரே அரசாணையில் விரியும். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் அப்படி விரிவதில்லை. மக்கள் வரிப்பணத்தில் போடப்படும் சாலையாலும் ரயிலாலும் உயரும் நில மதிப்பில் ஒரு பகுதியை அரசு திரும்பப் பெற்று, அதே பகுதியில் எளியோருக்கான வீடுகளுக்கும் குழாய்களுக்கும் செலவிட வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. 1 சதவீத ஜி.எஸ்.டி. பெறும் மலிவு வீட்டுக்கான 45 லட்சம் வரம்பு 2019-இல் வைத்ததோடு நிற்பதும் ஒரு கோளாறு. சிமென்ட்டும் கூலியும் ஏற ஏற, கட்டுநர்கள் அந்த வரம்புக்குள் நிற்பதற்காக அறைகளைத்தான் குறுக்குகிறார்கள். கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்காத படுக்கையறைகளை நாம் இப்போது சாதாரணமாகப் பார்க்கிறோம்.

கேள்வி: பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வட்டி மானியம் இன்னும் உண்டா? (வாசகி, ஆவடி)

பதில்: உண்டு. நகர்ப்புறத்துக்கான இரண்டாம் கட்டத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்கும் கடன் 25 லட்சத்துக்கும் மிகக் கூடாது, கடன் 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்டு வழங்கப்பட்டிருக்க வேண்டும், குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கல் கட்டட வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். சென்னையை ஒட்டி 35 லட்சத்துக்குள் வீடு தேடுவதுதான் இதில் கடினமான பகுதி. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர்ப் பக்கம் முயன்று பாருங்கள். விண்ணப்பத்தை வங்கியில் கடன் கேட்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.