நேர்காணல் முடிந்தது, முடிவு வரவில்லை: வழக்குப் போடலாமா?

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்: வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

மேடம், என் குடியுரிமை நேர்காணல் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஆங்கிலம், குடிமையியல் இரண்டிலும் தேறிவிட்டேன். 'இப்போது முடிவு சொல்ல இயலாது' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று தோழி சொல்கிறாள். போட்டால் அந்தக் கோபத்திலேயே நிராகரித்துவிட மாட்டார்களா?
*வாசகி, நியூ ஜெர்சி*

போடலாம். தாமத வழக்குகளிலேயே சட்டம் தெளிவாகப் பக்கம் நிற்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். நேர்காணல் நடந்த 120 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால், நீங்கள் வசிக்கும் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று குடியுரிமைச் சட்டமே சொல்கிறது. உங்கள் விண்ணப்பத்தை நீதிபதி தாமே விசாரித்து முடிவு செய்யலாம். அல்லது என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டுக் குடியேற்றத் துறைக்கே திருப்பி அனுப்பலாம். பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. வழக்குப் பதிவானதும் கோப்பு அரசு வழக்கறிஞர் ஒருவரின் மேசைக்குப் போகிறது. 'இதில் ஏன் முடிவு எடுக்கவில்லை?' என்று துறையைக் கேட்பது இப்போது அவருடைய வேலை. அந்தக் கேள்விக்குக் காத்திருந்ததுபோல் பல கோப்புகள் நகர்ந்துவிடுகின்றன.

பழிவாங்குவார்களோ என்ற பயத்தை ஏறக்குறைய எல்லோரிடமும் பார்க்கிறேன். அரசு அலுவலகத்தைப் பகைத்துக்கொள்ளாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வழக்குப் போட்டதற்காக ஒருவருக்கு மறுத்ததை நான் பார்த்ததில்லை. பார்த்தது வேறொன்று: கோப்பில் ஏற்கெனவே இருந்த சிக்கல் வழக்கால் சீக்கிரம் வெளியே வந்தது. பழைய கைது, ஆறு மாதத்துக்கு மேல் நீண்ட வெளிநாட்டுப் பயணம், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் விட்டுப்போன தகவல், விவரம் தெரியாமல் வாக்காளராகப் பதிந்தது என்று எது இருந்தாலும் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீதிமன்றம் ஒரு பதிலை வாங்கித் தரும். அது சாதகமான பதிலாக இருக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வழக்குக்குப் போவது இன்னும் நல்லது.

அதற்கு முன் ஆன்லைனில் ஒரு விசாரணைக் கோரிக்கை போடுங்கள். உங்கள் தொகுதி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் அலுவலகத்தில், உங்கள் கோப்பைப் பற்றி அவர்கள் விசாரிக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சில சமயம் அதிலேயே வேலை முடியும். முடியாவிட்டாலும், பொறுமையாகக் கேட்டுப் பார்த்தீர்கள் என்பதற்கு நீதிபதி முன் வைக்க ஆதாரம் கிடைக்கும்.

நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். மனுவின் நகல்கள் உங்கள் பகுதி ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும், வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலுக்கும், குடியேற்றத் துறைக்கும் முறைப்படி போய்ச் சேர வேண்டும். ஃபெடரல் வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து பதில் சொல்ல அரசுக்கு 60 நாள். அந்த 60 நாளுக்குள்தான் பெரும்பாலும் தொலைபேசி வரும்.

நான் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கு இ.பி.-2 பிரிவில் காத்திருக்கும் மென்பொருள் பொறியாளர். ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. கொடுத்தபோது என் முன்னுரிமைத் தேதி (வரிசையில் என் இடத்தைக் காட்டும் தேதி) திறந்திருந்தது; பிறகு வரிசை பின்னுக்குப் போய்விட்டது. முடிவெடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மேண்டமஸ் வழக்கு உதவுமா?
*வாசகர், டெக்சாஸ்*

உங்களுக்கு இப்போது உதவாது, தம்பி. உங்களைத் தடுத்து வைத்திருப்பது விசா எண், அதாவது ஆண்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், இல்லாமை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்குத்தான் இடம், அதிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று காங்கிரஸ் வகுத்த வரம்பு அது. இல்லாத எண்ணை எந்த நீதிபதியும் உண்டாக்க முடியாது. டெக்சாஸ் அடங்கும் ஐந்தாம் சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், உங்களைப் போலவே தேதி பின்னுக்குப் போனவர்களின் வழக்கில் 2024-இல் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தேதி மறுபடி திறந்து, அப்போதும் பல மாதம் அசைவில்லை என்றால் எழுதுங்கள், பேசுவோம்.

அந்த நிலைமையில் நீதிமன்றம் பார்ப்பது 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம். 'நியாயமான காலத்துக்குள்' வேலையை முடிக்க வேண்டும் என்கிற சட்டம். எது நியாயமான காலம் என்பதற்கு நீதிபதிகள் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் 1984-இல் வாஷிங்டனில் ஒரு தொலைபேசிக் கட்டண வழக்கில் பிறந்தது. காத்திருப்பவரின் உடல்நலமும் வாழ்வும் பாதிக்கப்படுகிறதா, இவரை முன்னால் விட்டால் வரிசையில் வேறு யார் பின்னால் போவார்கள் என்றெல்லாம் அதில் பார்ப்பார்கள். அதனால் பாதிப்பை வாயால் சொன்னால் போதாது. மருத்துவர் கடிதம், கைவிட்டுப்போன வேலை வாய்ப்பின் மின்னஞ்சல், பார்க்கப் போக முடியாத பெற்றோரின் மருத்துவமனைச் சீட்டு என்று எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

நான் அமெரிக்கக் குடிமகள். இந்தியாவில் என் கணவரின் விசா நேர்காணல் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் 'நிர்வாகப் பரிசீலனை' (கூடுதல் சரிபார்ப்பு) என்றே காட்டுகிறது. குழந்தை பிறந்து அப்பாவைத் தொலைபேசியில்தான் பார்க்கிறது. வழி உண்டா?
*வாசகி, சிகாகோ*

உண்டு, ஆனால் குறுகலான வழி. தூதரக அதிகாரி விசாவை மறுத்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பது மிகக் கடினம். கணவருக்கு விசா மறுக்கப்பட்ட ஒரு குடிமகளின் வாதத்தை 2024-இல் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. மறுப்பு வேறு, முடிவே சொல்லாமல் இருப்பது வேறு என்பதுதான் உங்கள் வாதம். 'பரிசீலனை' என்று எழுதித் தந்ததே சட்டப்படி ஒரு மறுப்புத்தான், கடமை அதோடு முடிந்தது என்று அரசு சொல்லும். இதில் நீதிபதிகள் ஒரே கருத்தில் இல்லை. வாஷிங்டன் நீதிமன்றங்களில் சமீப காலமாக இந்த வழக்குகள் தோற்கின்றன. நீங்கள் குடியிருக்கும் சிகாகோவிலேயே போட உங்களுக்கு உரிமை உண்டு, அங்கேயே போடுங்கள். கணவரை மட்டும் வைத்து வேண்டாம்; மனுதாரராக உங்கள் பெயரும் அவசியம் இருக்கட்டும்.