வாசகர் கேள்வி–பதில்: கிட்டை எப்படி மதிப்பிடுவது, கூடுதல் பாகம் எப்போது வாங்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. ஸ்கேல் மாடல் கிட் (நிஜ விமானத்தையோ டாங்கியையோ சிறிய அளவில் ஒட்டிச் செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பெட்டி) நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கென்று தனியாக விற்கும் பித்தளை, ரெசின் (வார்த்தெடுக்கும் ஒருவகைப் பிசின்) பாகங்களை வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் அது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பெட்டியைத் திறந்ததும் எதைப் பார்த்து ‘இது நல்ல கிட்’ என்று முடிவு செய்வீர்கள்?

பதில்: பெட்டியைத் திறந்தவுடன் நான் முடிவு செய்வதே இல்லை. மேலே படம் அழகாக இருக்கும், சட்டத்தில் கோர்த்த பாகங்கள் பளபளவென்று இருக்கும், பேனல் கோடுகள் (விமானத்தின் தகடுகள் சேரும் கோடுகள்) ஊசியால் கீறியதுபோல மெல்லிசாக இருக்கும், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா என்பது பார்வைக்குத் தெரியாது. நான் செய்வது இதுதான். உடலின் இரண்டு பாதிகளையும் இறக்கைகளையும் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய இடத்துப் பிசிறைச் சீவிவிட்டு, ஒட்டாமல் டேப் போட்டுச் சேர்த்துப் பார்ப்பேன். அரை மணி நேர வேலை. இறக்கையும் உடலும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, உடல் பாதிகள் வளைந்திருக்கின்றனவா, கண்ணாடிக் கூண்டு தன் இடத்தில் உட்காருகிறதா என்று இந்த மூன்றைப் பார்த்தாலே கிட்டின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்புறம் குறைகள். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசிகள் விட்டுப்போகும் வட்டத் தடங்கள் எந்தக் கிட்டிலும் இருக்கும். அவை இருப்பது குறையல்ல, எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. உடலுக்குள் மறைந்துபோகும் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடலாம். சக்கரக் கதவின் உள்பக்கத்திலோ காக்பிட் சுவரிலோ இருந்தால் ஒவ்வொன்றையும் நிரப்பித் தேய்க்க வேண்டும், அங்கே உப்புத்தாள் போகாது, உள்ளே இருக்கும் நுணுக்கமும் சேர்ந்து தேய்ந்துவிடும். பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே மேற்பரப்பு லேசாகக் குழிந்திருக்கும், அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். விளிம்புகளில் மெல்லிய சவ்வு போலப் பிளாஸ்டிக் பிதுங்கியிருந்தால் அச்சு தேய்ந்திருக்கலாம். அது கத்தியால் சீவினால் போய்விடும், ஆனால் சின்னச் சின்ன கம்பிப் பாகங்களில் அது இருந்தால் சீவும்போதே பாகம் உடையும்.

இன்னொன்று, முன்சக்கரம் உள்ள விமானம் என்றால் மூக்கில் எடை வைக்கச் சொல்லியிருக்கிறதா, வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பி-38 போன்ற விமானத்தில் மூக்கு மிகச் சிறியது, இரண்டு வால்கள் பின்னால் நீண்டிருக்கும். எடை போதவில்லை என்றால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். டாமியா கம்பெனியின் 1/48 (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவு) பி-38 கிட்டில் இதற்காகவே எஃகு உருண்டைகளைப் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுத்தார்கள். இந்த அக்கறையைத்தான் நான் நல்ல கிட்டின் அடையாளம் என்பேன், ஆயிரம் ரிவெட் குழிகளை அல்ல.

கேள்வி: என் 1/48 ஸ்பிட்ஃபயர் விமானம் மார்க் 1-ன் (அதன் முதல் வகை) இறக்கையை அளந்தேன். 232 மி.மீ. வருகிறது. 234 வர வேண்டுமாமே? இந்தக் கிட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் கணக்கு சரிதான், நிஜ இறக்கை 11.23 மீட்டர், அதை 48-ஆல் வகுத்தால் 234 மி.மீ. உங்கள் கிட்டில் 2 மி.மீ. குறைவு, அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இறக்கை முனையில் அந்த 2 மி.மீ. இல்லை என்பதை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஆனால் அதே 2 மி.மீ. காக்பிட் கண்ணாடியின் உயரத்தில் தப்பியிருந்தால் அறைக்குள் நுழையும்போதே தெரியும். மூக்கின் பக்கவாட்டு வளைவு, கண்ணாடிக் கூண்டின் வடிவம், விமானம் சக்கரத்தில் நிற்கும் சாய்வு, இறக்கை மேல்நோக்கி எழும் கோணம், இவைதான் ஒரு ஸ்பிட்ஃபயரை ஸ்பிட்ஃபயராகக் காட்டுகின்றன. அளவுகோலை எடுப்பதற்கு முன் நிஜ விமானத்தின் பக்கவாட்டுப் படத்தையும் டேப் போட்டு நிறுத்திய கிட்டையும் அருகருகே வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தின் மேல் பாகத்தை வைத்து ஒப்பிடுபவர்கள் முதலில் அந்த வரைபடத்தையே அளக்க வேண்டும். நகலெடுக்கும்போதும் அச்சிடும்போதும் காகிதத்தில் அளவு மாறிவிடும், பல நேரம் கிட் சரியாக இருக்கும், தாள்தான் தப்பாக இருக்கும். அப்புறம், எந்த மார்க் என்று கவனியுங்கள். மார்க் 9-ன் இன்ஜின் நீளமானது, மூக்கும் அதற்கேற்ப நீண்டது. மார்க் 1-ன் 9.12 மீட்டர் நீளத்தை வைத்து அதை அளந்தால் நல்ல கிட்டும் தப்பாகத்தான் தெரியும்.

கேள்வி: 1/35 டாங்கி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஃபோட்டோ எட்ச் தகடு முழு செட்டும் வாங்கினால்தான் மாடல் நன்றாக வரும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? பீரங்கிக் குழலையும் உலோகத்தில் வாங்க வேண்டுமா?

பதில்: முழு செட் வேண்டாம். சில பாகங்கள் கட்டாயம் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ரசாயனத்தால் அரித்து எடுக்கும் அந்தப் பித்தளைத் தகடு பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. தடிமன் இருக்கும். 0.15 என்று வைத்துக்கொண்டால் 1/35-ல் அது நிஜத்தில் ஐந்து மி.மீ.-க்குச் சற்று மேல். டாங்கியின் சக்கர மூடித் தகடு நிஜத்திலும் சில மி.மீ. இரும்புத் தகடுதான், ஆகவே பொருத்தமாக இருக்கிறது. அதே மூடியைக் கிட்டில் பிளாஸ்டிக்காக வார்த்தால் 0.8 மி.மீ.-ஐவிட மெல்லிசாக்குவது அவர்களுக்குச் சிரமம், அது நிஜத்தில் 28 மி.மீ., கிட்டத்தட்ட கவசத்தின் தடிமன்! தகட்டை வளைத்து நசுக்கி, மரத்தில் இடித்ததுபோலக் காட்டலாம், பிளாஸ்டிக்கில் அது வராது. இன்ஜினுக்கு மேலே உள்ள கம்பி வலையும் அப்படித்தான். புலி டாங்கியின் பின்தளத்தில் வலை இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் கட்டங்கள் இருந்தால் எனக்கு மனசே ஆறாது.

ஆனால் அதே செட்டில் கைப்பிடிகளும் கொக்கிகளும் கருவிகளின் பிடிகளும் தகடாகவே வரும். நிஜத்தில் அவை உருண்டைக் கம்பிகள். தட்டையான தகட்டை அங்கே ஒட்டினால் கிட்டில் இருந்த உருண்டைப் பிளாஸ்டிக்கைவிட மோசமாகத் தெரியும். அந்த இடங்களுக்கு மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து வைத்தால் போதும், செட்டே தேவையில்லை. இப்படி ஒவ்வொரு பாகத்தையும் ‘நிஜத்தில் இது தகடா, கம்பியா, கட்டியா?’ என்று கேட்டுக்கொண்டே போனால் பெரிய செட்டில் பாதி பாகங்கள் தகட்டிலேயே மிஞ்சிவிடும். அதனால்தான் மூடித் தகடு மட்டும், வலை மட்டும் என்று தனித்தனியாக விற்பதைத் தேடச் சொல்கிறேன்.

பீரங்கிக் குழலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிட்டில் குழல் இரண்டு பாதியாக வந்தால் கடைந்த உலோகக் குழல் வாங்குங்கள், ஏனென்றால் ஒட்டுக்கோட்டைத் தேய்க்கத் தேய்க்க உருண்டை முட்டை வடிவமாகிவிடும். இப்போதைய பல கிட்களில் குழல் ஒரே துண்டாக, வாய் துளைத்தே வருகிறது. அப்படி வந்தால் காசைச் சேமியுங்கள்.

வேலை செய்யும்போது: பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும், பித்தளையிலும் ரெசினிலும் அது பிடிக்காது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி வேண்டும். வளைக்கக் கஷ்டமான தகட்டைத் தீயில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டால் மெத்தென்று வளையும். பெயின்ட்டுக்கு முன் பிரைமர் அடிக்காவிட்டால் உலோகத்திலிருந்து உரிந்து வந்துவிடும்.

கேள்வி: ரெசின் காக்பிட் செட் வாங்கினேன், அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் உடலின் இரண்டு பாதியும் மூட மாட்டேன் என்கின்றன. செட் தப்பா, நான் தப்பா?

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது, அந்த மாடலை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். பாகங்களின் அழகைப் பார்த்து மயங்கி, முழுசாகப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டு உடலுக்குள் வைத்தேன். மூடவில்லை. ரப்பர் பேண்டும் கிளிப்பும் போட்டு இழுத்து ஒட்டினேன். சில வாரத்தில் முதுகு ஒட்டு நீளவாக்கில் விரிந்தது, மேலே அடித்த பெயின்ட்டும் சேர்ந்து வெடித்தது.

காரணம் எளிது. கிட்டின் பிளாஸ்டிக் சுவர் நிஜத்தைவிடப் பல மடங்கு தடிமன். ரெசின் சுவர் அதற்கு உள்ளே இன்னொரு சுவராக உட்கார வேண்டும். அதனால் பல செட்களில் பிளாஸ்டிக்கை உள்பக்கம் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் போல ஆக்கச் சொல்லியிருப்பார்கள், வெளிச்சம் ஊடுருவித் தெரியும் வரை. கூடவே ரெசின் பாகத்தின் அடியில் இருக்கும் வார்ப்புக் கட்டியையும் முழுசாக அறுத்துத் தேய்க்க வேண்டும். அரை மி.மீ. மிச்சம் விட்டாலும் இருக்கை மேலே எழும்பி விமானியின் தலை கண்ணாடியில் இடிக்கும். ஒரே விமானத்துக்கு என்றாலும் ஒரு கம்பெனி கிட்டுக்குச் செய்த செட் இன்னொரு கம்பெனி கிட்டில் உட்காராது, அதையும் உறையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆக, செட் தப்பா என்பதற்குப் பதில்: சுரண்டிய பிறகும் மூடவில்லை என்றால் செட்தான் தப்பு. ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பதற்கு முன்னாலேயே பெயின்ட் அடித்திருந்தால் அது நம் அவசரம்.

முக்கியமாக, ரெசினைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மூக்கு மூடும் நல்ல மாஸ்க் போடுங்கள். பெயின்ட்டுக்கு முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், வார்ப்பு எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. வளைந்த பாகத்தை வெந்நீரில் முக்கி நேராக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும்.

கேள்வி: ஒரே விமானம், ஒரே ஸ்கேல், இரண்டு கம்பெனி பெட்டி. ஒன்று பாதி விலை. உள்ளே என்ன வித்தியாசம்?

பதில்: ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்! ஒரு கம்பெனியின் அச்சில் வார்த்த பாகங்களை இன்னொரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் துறையில் சகஜம். ரெவெல் பெட்டிக்குள் மோனோகிராம், மேட்ச்பாக்ஸ், ஐ.சி.எம்., ஸ்வெஸ்டா என்று பலருடைய அச்சுகளும் வந்திருக்கின்றன. பெட்டியில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள், அது பெட்டியின் ஆண்டு. மோனோகிராமின் 1/48 பி-17 அச்சு 1970-களைச் சேர்ந்தது, பேனல் கோடுகள் எல்லாம் மேலே எழும்பிய கோடுகள். அந்தக் காலத்துக்கு அருமையான வேலை, இன்றைக்கும் உருவம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் புது அச்சு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். சட்டத்தின் மேலேயே சிறிய எழுத்தில் ஆண்டு பதித்திருப்பதுண்டு, அதைத் தேடுங்கள். இல்லையென்றால் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் அந்த அச்சு எந்த ஆண்டு பிறந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் போனது என்ற வரிசையைப் பார்க்கலாம்.

விலை கூடிய பெட்டியில் கூடுதல் பாகங்கள் உள்ளேயே இருக்கலாம் என்பதையும் பாருங்கள். எடுவார்ட் கம்பெனியின் ப்ரோஃபிபேக் பெட்டியில் பித்தளைத் தகடும் பெயின்ட் மாஸ்க்கும் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் ஒட்டு) சேர்ந்தே வரும், வீக்எண்ட் பெட்டியில் வராது. இரண்டையும் பின்னால் தனியாக வாங்கப்போகிறவர் முதலிலேயே ப்ரோஃபிபேக் எடுத்துவிடலாம். பெல்ட்டையும் மீட்டர் பலகையையும் தூரிகையாலேயே வரைபவருக்கு வீக்எண்ட் போதும்.

கேள்வி: பழைய கிட்டின் டீகால் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளாகிவிட்டது. புதுசு வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும். பிறகு தேவையில்லாத ஒரு சின்ன டீகாலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகச் சிதறினால் மீதிக்கு மேலே டீகால் ஃபிலிம் திரவம் பூசிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். விமானச் சின்னத்தில் வட்டத்துக்குள் வட்டம் நடுவிலிருந்து விலகி அச்சாகியிருந்தால் மட்டும் யோசிக்காமல் புது ஷீட் வாங்குங்கள், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கேள்வி: நான் வாங்கும் கிட்களுக்கு விமர்சனம் எழுத ஆசை. எதை எழுத வேண்டும்?

பதில்: கட்டினீர்களா, பெட்டியை மட்டும் பார்த்தீர்களா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கட்டியிருந்தால் எத்தனையாவது படியில் எந்தப் பாகம் சேரவில்லை, எவ்வளவு நிரப்பினீர்கள், குறிப்பேட்டில் பாக எண் எங்கே தப்பாக இருந்தது என்று எண்ணோடு சொல்லுங்கள். ‘பொருத்தம் சுமார்’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. ‘இடது இறக்கை வேரில் அரை மி.மீ. இடைவெளி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்து விரித்தால் சரியாகிறது’ என்றால் அடுத்து கட்டுபவருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சம். கூடுதல் பாகம் பற்றி எழுதினால் அதைக் கிட்டின் சொந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், பெயின்ட்டுக்கு முன் ஒன்று, மாடலை மூடிய பிறகு ஒன்று. மூடிய பிறகு எடுத்த படத்தில் அந்தப் பாகம் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கம்பெனி உங்களுக்கு இலவசமாக அனுப்பிய பொருள் என்றால் அதையும்.