வாசகர் கேள்வி–பதில்: வீட்டையே ஓட்டிக்கொண்டு போகும்போது

கேள்வி: நானும் கணவரும் செப்டம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 25 அடி வாடகை ஆர்.வி.யில் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) போகிறோம். பத்து நாள் போதுமா? – வாசகி, எடிசன்

போதாது, பதினைந்து வையுங்கள். ஐ-80 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 2,900 மைல். காரில் ஒரே நாளில் 500 மைல் ஓட்டியவர்கூட ஆர்.வி.யில் 250-ஐத் தாண்டினால் களைத்துவிடுவார். இருட்டிய பிறகு புது இடத்தில் வண்டியை நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் மாட்டுவது பெரும்பாடு. மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் அங்கே சாலையை மூடுவதும் உண்டு. அந்தப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

வண்டியின் உயரத்தை, கூரையில் இருக்கும் ஏ.சி.யையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நியூயார்க்கைச் சுற்றியுள்ள பல பார்க்வேக்களில் (கார்களுக்கென்றே போட்ட சாலைகள்) பாலங்கள் தாழ்வானவை. காருக்கான வரைபடச் செயலிக்கு உங்கள் கூரை தெரியாது. அது உங்களை நேராக அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி: ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. காற்றாடி மெல்லச் சுற்றுகிறது, சூடு வரவில்லை. சிலிண்டரில் கேஸ் பாதிக்கு மேல் இருக்கிறது. ஏன்? – வாசகர், டென்வர்

கோளாறு அநேகமாக பேட்டரியில்தான். ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும், சூட்டைத் தள்ளும் காற்றாடி ஓடுவது 12 வோல்ட்டில். உள்ளே தகடு போன்ற ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. போதுமான காற்று வந்து தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பேட்டரி இறங்கினால் காற்றாடி மெதுவாகும், தகடு அசையாது, கேஸ் வராது. காற்றில்லாமல் நெருப்பு எரியக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. அந்த சுவிட்சைத் தொடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 ஆம்ப்-அவர் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) லெட்-ஆசிட் பேட்டரியில், அது கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. காற்றாடி சுமார் 8 ஆம்ப் இழுக்கும். குளிரில் பாதி நேரம் ஓடினால் பத்து மணி நேரத்தில் 40 போய்விடும். விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் அலாரம் எல்லாம் மீதியைத் தின்றுவிடும். ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டுவிட்டால் விடியும்வரை தாங்கவே தாங்காது. வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக அதை கேஸுக்கு மாற்றுங்கள்.

படுக்கும் முன் வோல்ட் பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.6 காட்டும், 12.1-க்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்தது. மாலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டலாம். வண்டியின் பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டர் என்றால் டாங்க் கால் பங்குக்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். நடுக்காட்டில் வண்டி நகர முடியாமல் போகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குளிரானாலும் சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கேள்வி: கழிவறைத் தொட்டியைக் காலி செய்த பிறகும் 'நிறைந்தது' என்றே காட்டுகிறது. நாற்றமும் போகவில்லை. – வாசகி, ஆஸ்டின்

முகாமில் கழிவுக் குழாயை மாட்டிய உடனே தொட்டியின் வால்வைத் திறந்து வைத்துவிட்டீர்களா? பலர் செய்வது அதுதான். நீர் மட்டும் ஓடிவிடும். கெட்டியானது அடியில் கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். காலி செய்ததும் நான்கைந்து கேலன் தண்ணீரும் கழிவுத் தொட்டிக்கான மருந்தும் ஊற்றி வையுங்கள். கழிவறைப் பெடலை மிதிக்கும்போது தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் ஆகாது. தொட்டி முக்கால் நிறைந்த பிறகே திறக்க வேண்டும். அந்த வேகம்தான் கெட்டியானதையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் கழிவறைத் தொட்டி, அடுத்து குளியல்-பாத்திர நீர்த் தொட்டி. சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிடும்.

சென்சாரில் காகிதம் ஒட்டியிருந்தாலும் பொய் காட்டும். தொட்டியில் பாதி தண்ணீரை நிரப்பி, வளைவுகள் உள்ள சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு காலி செய்து பாருங்கள்.

கேள்வி: முகாமின் 30 ஆம்ப் மின் இணைப்பில் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. – வாசகர், ஃபீனிக்ஸ்

ஏ.சி. 13 ஆம்ப், மைக்ரோவேவ் 12, வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் இன்னொரு 12. மூன்றும் சேர்ந்தால் 37. வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள், போதும்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் சண்டை வருகிறது. – வாசகி, சியாட்டில்

வழி காட்டுபவர் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பின்மூலையில், கண்ணாடியில் முகம் தெரியும்படி நிற்க வேண்டும். முகம் மறைந்த நொடியே ஓட்டுபவர் நிறுத்திவிட வேண்டும். 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று கத்தாதீர்கள். 'ஓட்டுநர் பக்கம்', 'கதவுப் பக்கம்' என்று சொல்லுங்கள். தரையை மட்டும் பார்க்காமல் மரக்கிளையையும் பாருங்கள்.

முன்னால் போகும்போதும் கவனம் வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீளத்துக்கு வண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் பின்சக்கரம் மட்டுமல்ல, பின் பம்பரே கம்பத்தைத் தாண்டும்வரை நேராகப் போய், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.