மாமாவுக்கு லேலண்ட், டிரைவருக்கு பென்ஸ்: உங்களுக்கு எந்த டிப்பர்?

கேள்வி: எட்டு வருடமாக டாடா 407 சின்ன லாரி ஒன்றை வைத்து ஜல்லியும் எம்-சாண்டும் ஓட்டிவருகிறேன். க. பரமத்தி பக்கத்துக் கிரஷர்களில் (கல்லுடைக்கும் ஆலைகளில்) ஏற்றி, ஐம்பது கிலோமீட்டருக்குள் இறக்குகிறேன். பாதி வீடு கட்டுகிறவர்களுக்கு, பாதி கான்கிரீட் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் பிளாண்டுக்கு. புதிதாகப் பத்துச் சக்கர டிப்பர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். "லேலண்டைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்கிறார் மாமா. என் டிரைவர் பாரத்பென்ஸ்தான் வேண்டும் என்கிறார். டாடா ஷோரூமில் தள்ளுபடி அதிகம் தருவதாகச் சொல்கிறார்கள். எந்தக் கம்பெனி வண்டி நல்லது?
— கரூர் மாவட்ட வாசகர்

பதில்: மாமா தன் காலத்தைச் சொல்கிறார், டிரைவர் தன் முதுகைச் சொல்கிறார், விற்பனையாளர் தன் மாதக் கடைசியைச் சொல்கிறார். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றிலும் உங்கள் கணக்கு இல்லை. எனவே கம்பெனிப் பெயரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒரு நடைக்கு நீங்கள் என்ன ஏற்றலாம் என்று பார்ப்போம்.

வண்டியின் நெற்றியில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2518 என்றால் சுமையோடு சேர்த்து மொத்த எடை ஏறக்குறைய 25 டன், இன்ஜின் ஏறக்குறைய 180 குதிரைத்திறன். பல கம்பெனிகள் கொஞ்சம் முன்பின்னாக இந்த முறையில்தான் பெயர் வைக்கின்றன. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் (சக்கர அச்சு) எடை வரம்பை உயர்த்தியதில் மூன்று ஆக்ஸில் லாரி 25 டன்னிலிருந்து 28.5 டன் வரை போனது. இப்போது ஷோரூமில் நிற்கும் பத்துச் சக்கர டிப்பர்கள் 28-இல் தொடங்குவது அதனால்தான். பழைய வண்டி பார்க்கப் போனால் நெற்றி எண்ணை நம்பாமல் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். செக்போஸ்ட்டில் செல்லுபடியாவது அதில் எழுதிய எடைதான்.

28 டன்னில் வண்டியும் பாடியும் அதைத் தூக்கும் ஜாக்கியும் மட்டுமே 11 டன் அளவுக்கு வந்துவிடும். மிச்சம் 17 டன். நம் ஊரில் ஜல்லி விற்பது யூனிட் கணக்கில். யூனிட் என்றால் நூறு கன அடி. முக்கால் இஞ்ச் ஜல்லி யூனிட்டுக்குச் சுமார் நாலேகால் டன் நிற்கும், எம்-சாண்ட் ஐந்து டன்னை நெருங்கும், ஈரமாக இருந்தால் இன்னும் ஏறும். ஆக சட்டப்படி ஜல்லி நாலு யூனிட், எம்-சாண்ட் மூன்றரை யூனிட். கிரஷர் வாசலில் ஐந்தும் ஐந்தரையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தைக்கூட ஒரு செலவாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டயரையும் ஸ்பிரிங் பட்டையையும் ஆக்ஸில் ஹவுசிங்கையும் கணக்கில் எழுதுவதில்லை. உங்கள் வாடகைக் கணக்கு நாலு யூனிட்டில் தேறவில்லை என்றால், எந்தக் கம்பெனி வண்டி வாங்கினாலும் தேறாது.

இதில் ஒரு தூண்டில் உண்டு. நாலு யூனிட் என்பது 11.3 கன மீட்டர்தான். விற்பனையாளர் 14 கன மீட்டர் பாடியையும் 16 கன மீட்டர் பாடியையும் காட்டுவார். 16 என்றால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் கொள்ளும். பெரிய பெட்டி இருந்தால் லோடர்காரர் நிரப்பிவிடுவார். டிரைவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். 14-ஐயே வாங்குங்கள். பாறை ஏற்றாத உங்களுக்கு ராக் பாடியும் வேண்டாம். அதன் கனத்த தகடு உங்கள் 17 டன்னைத்தான் தின்னும்.

இப்போது மாமாவிடம் வருவோம். அவர் சொல்வதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி அது. ஓசூரிலும் ஆலை வந்தபின் தமிழ்நாட்டு லாரித் தொழிலே அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் கேபின்கூட இல்லாமல் வெறும் சேசிஸாக வண்டி வரும். மரப்பலகையைக் குறுக்கே கட்டி உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எண்ணூரிலிருந்து நாமக்கல் பட்டறைக்கு ஓட்டிவருவார்கள். வந்து இறங்குகிறவருடைய கண் மட்டும்தான் தெரியும். அப்படி வந்த வண்டியை ஆணி ஆணியாகத் தெரிந்துகொண்ட மெக்கானிக்குகள் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். லேலண்டின் ஒரு மாடல் பெயரான 'டாரஸ்' நம் பக்கத்தில் பத்துச் சக்கர வண்டிக்கே பொதுப்பெயராகிவிட்டது. டாடா வண்டி வாங்கியவரும் "டாரஸ் எடுத்திருக்கிறேன்" என்றுதான் சொல்வார். வடக்கே போனால் இதே வண்டி 'ஹைவா'. அது லாரிக் கம்பெனியே இல்லை, டிப்பர் ஜாக்கி செய்யும் கம்பெனி!

மாமாவின் விசுவாசத்துக்குப் பின்னால் இருந்தது இரும்பு அல்ல, அந்த மெக்கானிக்குகள். இதை நான் பட்டறையில் முப்பது வருடம் நின்று கற்றுக்கொண்டேன். நான் பராமரிப்புப் பார்த்த ஒரு வண்டி, கம்பெனிப் பெயர் வேண்டாம், புகைபோக்கிப் பக்கத்து சென்சார் ஒன்றுக்காகப் பத்தொன்பது நாள் நின்றது. உள்ளங்கையில் அடங்குகிற பொருள். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. தவணை மாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற ஒவ்வொரு நாளும் 3,000 ரூபாய் போகும். டிரைவர் படி, இன்சூரன்ஸ், கைவிட்டுப் போன நடைகள் எல்லாம் தனி. ஷோரூமில் கிடைக்கும் தள்ளுபடி இப்படி இரண்டு நிறுத்தத்தில் கரைந்துவிடும்.

ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில், வண்டி படுத்தால் இழுத்துக்கொண்டு போகிற தொலைவில் உள்ளதை. சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போங்கள். வரிசையாக நிற்கும் வண்டிகளின் முன்கண்ணாடியில் தூசி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள். நிழலில் படுத்திருக்கும் டிரைவரிடம் "எத்தனை நாளாச்சு, எதுக்காக நிக்குது?" என்று கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எந்த விளம்பரமும் சொல்லாததைச் சொல்வார். மூன்று கம்பெனி சென்டருக்கும் இப்படிப் போய்வந்தால் உங்கள் கேள்விக்கு முக்கால் பதில் கிடைத்துவிடும்.

சரி, கம்பெனிகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டீர்கள். லேலண்டின் பலம் இன்றும் உதிரிபாகம்தான். சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், வெளி மெக்கானிக்கும் பயப்படாமல் கை வைப்பார். டாடாவுக்கும் நாடு முழுக்க வலைப்பின்னல் உண்டு. 1954-இல் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கிய கம்பெனி. 1993-இல் டாடா கம்மின்ஸ் கூட்டு ஏற்பட்டபின் அதன் பெரிய வண்டிகளில் பல கம்மின்ஸ் இன்ஜினோடு வருகின்றன, அந்த இன்ஜின் அறிந்த ஆட்கள் தாராளம். மறுவிற்பனையில் இந்த இரண்டுக்கும் நம் பக்கத்தில் கஷ்டமில்லை. பாரத்பென்ஸ் 2012-இலிருந்து ஒரகடத்தில் தயாராகிறது. கேபினும் இன்ஜினும் எனக்கும் பிடிக்கும், உங்கள் டிரைவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் வெளிப் பட்டறை நம்பிக்கை அதற்கு இன்னும் அந்த அளவு வளரவில்லை. கம்பெனி சென்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஏசிக்காகத்தான் கேட்கிறார் என்றால், 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரி எல்லாவற்றிலும் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஐஷரும் மஹிந்திராவும் மோசமில்லை, உங்கள் ஊரில் ஆள் இருந்தால் விலை கேட்டுப் பாருங்கள். வால்வோ எஃப்எம்எக்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பொருத்தம், உங்களுக்கு அல்ல.

கம்பெனி நிலைக்குமா என்பதையும் பார்க்கவேண்டும். மான் டிரக்ஸ் 2018-இல் இந்தியாவை விட்டுப் போவதாக அறிவித்தது. குஜராத்தில் புஜ் அருகே பெரிய ஆலை வைத்திருந்த ஏஎம்டபிள்யூ திவால் நடவடிக்கை வரை போனது. இரண்டு கம்பெனியின் டிப்பர்களும் உறுதியில் குறைந்தவை அல்ல. வாங்கியவர்கள் அதன்பின் உதிரிபாகத்துக்காக அலைந்ததுதான் மிச்சம்.

மாடல் தேர்வில் ஒரு எச்சரிக்கை. 'மைனிங் வண்டி' என்று ஹப் ரிடக்‌ஷன் ஆக்ஸில் உள்ளதைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். அதில் கடைசிப் பல்சக்கரத் தொகுதி சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். குழிக்குள்ளிருந்து பாறையோடு செங்குத்தாக ஏறும்போது ஆக்ஸில் தண்டு முறுக்கிக்கொள்ளாது. நீங்கள் ஏற்றுவது கிரஷர் களத்தில், ஓடுவது தார்ச்சாலையில். ஐம்பது கிலோமீட்டர் ரோட்டில் அந்த ஏற்பாடு டீசலைத்தான் குடிக்கும். சாதாரண ஆக்ஸில், ரோட்டுக்கேற்ற கியர் விகிதம் போதும்.

407-இலிருந்து வருகிறீர்கள் என்பதால் இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் பழைய வண்டி பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தையது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளின் புகைக்குழாய் ஒரு சின்ன ரசாயன ஆலை. அதில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் புகை சூடேறி, அந்தக் கரி தானாகவே எரிந்துவிடும். குழிக்கும் கிரஷருக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. உங்கள் ஓட்டத்துக்கு இது பெரிய தொல்லை தராது. ஆனால் நடை கிடைக்காத நாளில் குவாரிக்குள் ஷட்டில் அடிக்கச் சொல்வார்கள். அப்படி ஓட்டினால் டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரியும். டிரைவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடுகிறார்கள், கடைசியில் இழுவை குறைந்து வண்டி நடுரோட்டில் நிற்கிறது. விளக்கு எரிந்ததும் காய்ந்த புல் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, பொத்தானை அழுத்தி, அரைமணி முக்கால்மணி நேரம் எரியவிட வேண்டும். வண்டி எடுக்கும் அன்றே இதைச் செய்துகாட்டச் சொல்லி டிரைவரைப் பக்கத்தில் நிற்கவையுங்கள்.

புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூவும் அப்படியே. 32.5 சதவீத யூரியாவும் தாது நீக்கிய நீரும் கலந்த திரவம் அது. நூறு லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் அளவில் செலவாகும். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிய புத்திசாலி ஒருவரின் வண்டியை நானே பிரித்துப் பார்த்தேன். தெளிப்பு முனை கல்கண்டு கட்டியதுபோல அடைத்திருந்தது.

இத்தனையும் பார்த்தபின், க. பரமத்திப் பக்கம் தொழில் செய்கிறவருக்கு முதல் வண்டியாக நான் சொல்வது லேலண்ட் அல்லது டாடா, இரண்டில் எந்த சர்வீஸ் சென்டரில் தூசி குறைவோ அது. மாமா ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு நிற்கிற நாளைத் தாங்கும் சக்தி கிடையாது. மூன்றாவது வண்டி வாங்கும்போது டிரைவர் பேச்சைக் கேட்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் டெமோ வண்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் கிரஷரில் உங்கள் நாலு யூனிட்டை ஏற்றி, நீங்கள் போகிற வழியிலேயே இரண்டு நடை அடித்துப் பாருங்கள். தருவதற்குத் தயங்கும் ஷோரூமை அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

407-ஐ மட்டும் விற்றுவிடாதீர்கள். ரெடிமிக்ஸ் பிளாண்டில் எடை மேடை இருக்கிறது, டன் கணக்கில் இறக்குவார்கள், பத்துச் சக்கரம் திரும்ப இடமும் இருக்கிறது. வீடு கட்டுகிறவர் ஒரு லோடு ஜல்லி கேட்பார், அதுவும் மின்கம்பி தாழ்ந்த சந்துக்குள். அங்கே பாடியைத் தூக்கினால் கம்பியில் முட்டும். அந்த வாடிக்கையாளரிடம் கையில் ரொக்கம் இருக்கும். ரெடிமிக்ஸ்காரர் பில்லுக்குப் பணம் தர எத்தனை நாள் எடுப்பார் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். முதல் வருடத் தவணையில் பாதியை அந்தச் சின்ன வண்டிதான் கட்டும்.