விமானத்தில் கரு விழாது. ஆனால் அந்த வயிற்று வீக்கம்?

கேள்வி: எனக்கு வயது 31, யாழ்ப்பாணம். கலியாணமாகி ஏழு வருடம். சினைப்பையில் நீர்க்கட்டி. சென்னைக்கு வந்து ஐவிஎஃப் செய்தோம். 24 முட்டை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு கரு வைத்தார்கள், 6 கருவை உறைய வைத்திருக்கிறார்கள். கரு வைத்து இன்றைக்கு இரண்டு நாள். கணவரின் லீவு முடிவதால் சனிக்கிழமை ஊருக்கு, பலாலிக்கு விமானம். விமானம் ஏறினால் கரு கலைந்துவிடும், 14 நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று இணையத்தில் பார்த்தேன். ஆட்டோ குலுங்கியதும், இருமல் வந்ததும், தெரியாமல் பப்பாசி சாப்பிட்டதும் பயமாக இருக்கிறது. ஆசைக்கு ஒரு கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வைத்துப் பார்த்தேன், இரண்டு கோடு வந்தது. உண்மையா? கரு வைத்த நாளிலிருந்து வயிறு ஊதி, பாவாடை நாடா முடிய முடியவில்லை. சிறுநீரும் குறைவு. பாமசியில் வேலை செய்யும் மச்சாள் நீர் போகிற குளிசை எடுக்கச் சொல்கிறாள். மாமியாருக்கு எதுவும் தெரியாது, கோயில் சுற்ற என்று சொல்லித்தான் வந்தோம். விமானம் ஏறலாமா?

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்று மாலையே இவருக்கு மூன்று வரி அனுப்பினேன். குளிசையைத் தொடாதீர்கள். இன்று இரவே முட்டை எடுத்த மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை சனிக்கிழமை விமானத்தை மறந்துவிடுங்கள். கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் இதே மாதிரிக் கடிதங்கள் வருவதால், மிச்சத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். கரு விழாது. கர்ப்பப்பை என்றதும் காலிக் குடம் மாதிரியும், அதற்குள் கரு உருண்டுகொண்டிருப்பது மாதிரியும் மனதில் ஒரு படம் இருக்கிறது. அது தப்பு. கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். ஈரமான இரண்டு வாழையிலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு எள்ளை வைத்துப் பாருங்கள். உதறினாலும் அது விழாது. ஐந்தாம் நாள் கரு எள்ளைவிடவும் பல மடங்கு சிறியது. ஆட்டோ குலுங்கியதும் இருமியதும் அதற்குத் தெரியாது. விமானமும் அப்படியே. 14 நாள் படுக்கையில் கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் பார்த்தாகிவிட்ட விஷயம். படுத்தே கிடந்தால் கூடுவது மலச்சிக்கலும் கவலையும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும்தான். பப்பாசி ஒரு துண்டு சாப்பிட்டீர்கள், சரி, முடிந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இரண்டு கோடும் இப்போதைக்கு எதையும் சொல்லவில்லை. முட்டை எடுப்பதற்கு ஒன்றரை நாள் முன்பு, முட்டை முதிர்வதற்காக ஓர் ஊசி போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியாக இருக்கும். கர்ப்பமானால் கருவிலிருந்து ஊறுகிற ஹார்மோனும் அதுதான். கர்ப்பப் பட்டி தேடுவதும் அதே எச்.சி.ஜி.யைத்தான். ஊசி மருந்து உடம்பில் பத்து நாள்வரை தங்கும். உங்களுக்குத் தெரிந்த இரண்டாவது கோடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்தின் கோடு. இனிப்பும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடிதத்தின் கடைசியில், பப்பாசிக்கும் பட்டிக்கும் பிறகு, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

நீர்க்கட்டி உள்ள இளம் பெண், 24 முட்டை, உள்ளே வைத்தது இரண்டு கரு, ஊதுகிற வயிறு, குறைகிற சிறுநீர். இவ்வளவையும் ஒன்றாகப் படிக்கிற எந்த மகப்பேறு மருத்துவருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றே: சினைப்பை அதீதத் தூண்டல். உங்கள் கோப்பில் ஓ.எச்.எஸ்.எஸ். என்று எழுதுவார்கள். ஐவிஎஃப் செய்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கொஞ்சம் உப்பல், கொஞ்சம் வலி, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நூற்றில் மூன்று முதல் எட்டு பேருக்கு அது மத்திமமாகவோ கடுமையாகவோ போகும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் எனக்கும் தெரியாது, உங்கள் மச்சாளுக்கும் தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். தூண்டப்பட்ட சினைப்பைகள் அந்த எச்.சி.ஜி. பட்டதும் ஒரு ரசாயனத்தை அள்ளிவிடுகின்றன. அது மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரைக் கசியவிடுகிறது. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் இறங்குகிறது, சில சமயம் நுரையீரலைச் சுற்றியும் சேருகிறது. வயிறு நிறைய நீர் இருக்கும்போதே ரத்தம் வறண்டு குழம்பாகிறது. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைவதால்தான் சிறுநீர் குறைகிறது.

கரை கசிகிற குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் நிற்கிறது, குளம் வற்றிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் மதகைத் திறந்தால் வயல் வடியாது, குளத்தில் மிச்சமிருப்பதும் போய்விடும். நீர் போகிற குளிசை செய்வது அதைத்தான். வயிற்று நீரை அது தொடாது. ஏற்கெனவே கெட்டியான ரத்தத்திலிருந்து இன்னும் நீரைப் பிழிந்து எடுக்கும். கெட்டியான ரத்தம் குழாயில் உறையும். இந்த நோயில் காலில் மட்டுமல்ல, கழுத்திலும் கையிலும்கூட உறையும். நல்ல எண்ணத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கிற ஒரு சின்ன வெள்ளைக் குளிசை! பாமசி மேசைக்குப் பின்னால் நிற்பதால் மட்டும் யாரும் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. வலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் கூடாது, அவை சிறுநீரகத்தை இன்னும் நெருக்கும். பாராசிட்டமால் போடலாம். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடித்தால் போதும். இளநீர் நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஒரு குலையையே குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. வயிற்றுக்கு எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம். வீங்கிய சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொள்ளக்கூடும். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் உயிர் போகிற வலி வந்தால் அதுவாக இருக்கலாம்.

வீட்டிலோ லொட்ஜிலோ செய்யக்கூடியது மூன்றே வேலை. காலையில் எழுந்ததும் ஒரே தராசில் எடை பாருங்கள், ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை. தையல்காரர் நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றை அளந்து எழுதி வையுங்கள். சிறுநீரை ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் அளந்து பாருங்கள், 24 மணி நேரத்தில் போத்தல் நிறையவில்லை என்றால் அன்றே போன் செய்ய வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, நிற்காத வாந்தி, ஒரு காலோ கழுத்தோ வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் போன் செய்து காத்திருக்காமல் நேரே போய்விடுங்கள். அங்கே சினைப்பையின் அளவையும் வயிற்று நீரையும் ஸ்கேனில் பார்ப்பார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டுகிற பிசிவி என்று ஓர் எண் வரும், அது 45ஐத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி, தேவைப்பட்டால் ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கிற ஆல்புமின் என்ற புரதம், வயிறு மிகவும் இறுகினால் ஊசியால் நீரை எடுப்பது. நேரத்தோடு வந்தால் சமாளிக்கக்கூடிய நோய் இது.

அப்படியானால் விமானத்தில் என்ன ஆபத்து? சென்னையிலிருந்து பலாலி ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ போகிறவராக இருந்தால் ரத்தம் உறைவது பற்றித் தனியாகத் திட்டியிருப்பேன். என் கவலை நீங்கள் இறங்கிய பிறகு தொடங்குகிறது. சென்னையில் உங்கள் உடம்புக்குள் என்ன செய்தார்கள் என்று தெரிந்த ஒரு மருத்துவர் இருக்கிறார். அங்கே அவசரப் பிரிவில் இருப்பவருக்கு நீங்கள் வெறும் வயிற்று வலி.

வெளிநாட்டில் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒருவரை நான் முதலில் பார்த்தது இரவு 11 மணிக்கு. அதற்கு முன் இரண்டு இடத்துக்குப் போயிருந்தார். ஒன்றில் வாயு என்று ஊசி போட்டார்கள். இன்னொன்றில் ஸ்கேனில் இரண்டு பக்கமும் மாங்காய் அளவுக்கு வீங்கிய சினைப்பைகளைப் பார்த்துவிட்டு, கட்டி என்று சொல்லி மறுநாள் ஆபரேஷனுக்கு நேரம் குறித்துவிட்டார்கள். நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தார். மாமியார் தேநீர் வாங்கப் போன பிறகுதான் கணவர் என் காதருகே வந்து "டொக்டர், நாங்கள் ஐவிஎஃப் செய்தோம்" என்றார். அந்த ஒரு வரி முதல் இடத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷன் என்ற பேச்சே எழுந்திருக்காது. அவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தது, போனில் சார்ஜ் இல்லை.

அதனால்தான் உங்கள் கோயில் கதை எனக்குப் பிடிக்கவில்லை. மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சிதம்பரம் போய் வந்தவர்களுக்கு இப்படி வயிறு வீங்காது. வீட்டில் ஒருவருக்காவது, அக்காவோ தங்கையோ, உண்மை தெரிந்திருக்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலை வாசலில் இறங்கினால் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "வயிறு வலிக்கிறது" இல்லை. "ஐவிஎஃப் செய்தேன், இந்தத் தேதியில் 24 முட்டை எடுத்தார்கள், இரண்டு கரு உள்ளே இருக்கிறது" என்பதுதான்.

புறப்படும் முன் மருத்துவமனையில் கையெழுத்திட்ட ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். விளம்பரக் கோப்பும் குழந்தைப் படம் போட்ட பையும் வேண்டாம். முட்டை முதிர என்ன ஊசி, எந்தத் தேதி, எத்தனை முட்டை, எத்தனை கரு, இப்போது என்ன மருந்து, இரவில் யாராவது எடுக்கிற ஒரு போன் எண். இவ்வளவு போதும். மருந்துச் சீட்டில் இடையிடையே மறுபடி எச்.சி.ஜி. ஊசி எழுதியிருந்தால், வீக்கத்தைச் சொல்லி அதைப் போட வேண்டுமா என்று கேளுங்கள், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது. கரு தங்குவதற்காகக் கொடுக்கிற புரோஜெஸ்டிரோன் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அதைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

ஒரு விஷயம் என் மனதில் உறுத்துகிறது. 24 முட்டை கிடைத்த, நீர்க்கட்டி உள்ள ஒருவருக்கு நான் கருவை எல்லாம் உறைய வைத்துவிட்டு, சினைப்பை அடங்கியபின் ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு கருவை வைத்திருப்பேன். நான் அந்த அறையில் இல்லை, அதனால் உங்கள் மருத்துவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களின் சிகிச்சையை நிறைய நேரம் விமான டிக்கெட்டும் லீவும்தான் முடிவு செய்கின்றன. "இன்னொரு தடவை வர முடியாது டொக்டர், இரண்டாக வைத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த முறை திட்டமிடும்போது இரண்டு பயணத்துக்குச் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

உறைய வைத்த 6 கருவைப் பின்னால் இலங்கைக்குக் கொண்டுபோக முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவில் 2021இல் வந்த கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டப்படி, சொந்தக் கருவாக இருந்தாலும் அதற்கான தேசிய வாரியத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகாது. பத்து வருடம்வரை இங்கேயே வைத்திருக்கலாம். இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையை அவர்கள் கொடுத்த தேதியில் செய்யுங்கள், அதை யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம். கர்ப்பம் என்று வந்தால் இப்போது ஊசியில் வந்த எச்.சி.ஜி. இனி உங்கள் கருவிலிருந்தே ஊறும். இரட்டை என்றால் இன்னும் அதிகமாக ஊறும். வற்றிய வயிறு அந்த வாரத்தில் மறுபடி வீங்கலாம். ஆகவே முடிவு கையில் வந்த நாளிலிருந்து இன்னும் இரண்டு வாரத்துக்குத் தராசையும் தையல் நாடாவையும் உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள்.